விட்டுப் போகாத மீன்

பதினோரு மணிக்குக் கல்யாணப் பதிவு. பத்தேகாலுக்கு மாப்பிள்ளை இடுப்பளவு ஆற்றில், கல்யாண உடுப்போடு, ஒரு மீனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தூண்டில் பிடிக்கப் பழக ஆரம்பித்து மூன்று வாரம்தான். காலையில் படபடப்பாக இருக்கவே, ஆற்றங்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு அப்படியே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்று கல்யாண உடுப்பிலேயே வந்துவிட்டார். அவ்வளவு சாமர்த்தியம். மூன்று வாரமாக எட்டிப் பார்க்காத மீசைக்கெண்டை இன்றைக்கென்று வந்து கடித்தது. முழங்கை நீளம், நாலு மீசை, ஆளையே இழுத்துத் தண்ணீரில் இறக்கிவிட்ட பலம்.

தூண்டில் கோலைப் பாறையிடுக்கில் செருகிவிட்டு மீனைக் கையில் ஏந்தியபோதுதான் தூண்டில் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "இந்த மீன் சண்டை போட்டே களைச்சுப் போயிடும் சார். தண்ணி வர்ற பக்கம் முகத்தைத் திருப்பித் தாங்கிப் பிடிங்க. தெம்பு வந்ததும் தானாப் போகும். முன்னாடியே விட்டீங்கன்னா கவிழ்ந்து செத்துடும், அந்தப் பாவம் உங்களுக்குத்தான்."

தாங்கிப் பிடித்தார். தெம்பு வந்தது. மீன் போனது. ஆறடி தூரம் போய், திரும்பி வந்தது.

மறுபடி விட்டார். மறுபடி வந்தது.

பக்கத்துப் பாறைமேல் இருந்த போனை மூக்கால் தட்டிக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"போய்ட்டுத் திரும்பி வருதா? நான் கேள்விப்பட்டதே இல்லையே சார். கொஞ்சம் சுத்தி நடந்து பாருங்க, குழம்பிப் போய் ஓடிடும்."

நடந்தார். மீனும் அவர் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. நாலு சுற்றுக்குப் பிறகு அவருக்குக் கால் நகரவில்லை. பாசம் என்றால் என்ன என்று இந்த வயதில்தான் புரிந்தது. கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. கல்யாணப் பெண், அறிவியல் டீச்சர்.

"எங்கே இருக்கீங்க?"

"ஆத்துல. ஒரு மீன் என்னை விட்டுப் போக மாட்டேங்குது."



"அங்கேயே நில்லுங்க, வர்றேன்," என்றார் டீச்சர்.

டீச்சருக்கு இந்தக் கல்யாணத்தில் இன்னும் அரை மனசுதான். காரணம் ஊரறிந்தது. இந்த மனிதரோடு யாரும் நிலைத்ததில்லை. கடையில் வேலைக்கு வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். முன்பு நிச்சயித்த பெண் ஓடிவிட்டாள். வளர்த்த பூனைகூட எதிர்வீட்டுக்குக் குடிபோய், இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. டீச்சரும் போய்விட்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

டாக்சி வந்தது. டீச்சர் இறங்கினார். பின்னாலேயே பதிவுப் புத்தகத்தை அணைத்தபடி அவருடைய மாமா. அவர்தான் பதிவாளரும். டிரைவர் வண்டியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னு நிக்கிறீங்களே," என்றார் மாமா. "மீனை விட்டுட்டு மேல வாங்க."

"கால் வர மாட்டேங்குதுங்க."

"பாத்தியாம்மா? பூனையே வேணாம்னு சொன்ன ஆளு. கிளம்பு, வீட்டுக்குப் போவோம்."

"இருங்க மாமா." டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். "நீங்க அதை விடுங்க, பாக்கறேன்."

விட்டார். போனது. வந்தது.

"இன்னொரு தடவை."

வந்தது.

"மாமா, இறங்குங்க. இப்ப நீங்க பிடிச்சு விடுங்க."

"நானா? முழங்கால் வலிக்கு வெந்நீர்லதான் குளிக்கிறேன்."

"பரிசோதனைன்னா ஆளை மாத்திப் பாக்கணும் மாமா."

மாமா முனகிக்கொண்டே கோட்டைக் கழற்றிப் பாறையிடுக்கில் செருகியிருந்த கோலில் மாட்டிவிட்டு இறங்கினார். மீனை வாங்கி, எதிர்த்திசையில் விட்டார். மீன் அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் நீந்திப் போய்ச் சட்டென்று திரும்பி, நேரே மாப்பிள்ளையின் முழங்காலில் வந்து முட்டியது.

மாமாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போன ஜென்மத்துல உறவா இருக்கும்," என்றார்.

டீச்சர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. "மூணு தடவை பண்ணி, மூணு தடவையும் ஒரே முடிவு வந்தா அதை நம்பலாம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவ நான்," என்றார். "வாயில்லா ஜீவன். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இதுவே உங்களை விட்டுப் போகலைன்னா, ஊர் சொல்றதெல்லாம் புரளி. நான்தான் உங்களைப் புரிஞ்சுக்கலை. மாமா, புத்தகத்தைக் கொண்டாங்க."

"இங்கேயா?"

"அவருக்குத்தான் கால் வரலியே."

மாமா புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கினார். மாப்பிள்ளை இடது கையில் மீனும் வலது கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அழுத்தமாகப் போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு டிரைவரைக் கூப்பிட்டார்கள். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்து, போட்டார்.

"ஆச்சு," என்றார் மாமா, புத்தகத்தை மூடியபடி. "இனி யாரும் மாத்த முடியாது."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைத் தடவிக் கொடுத்தார். மாப்பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அவர் வாழ்க்கையில் ஒரே நாளில் இரண்டு பேர்.

டிரைவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீனையும் மாப்பிள்ளையின் கால்களையும் குனிந்து பார்த்தார்.

"ஏன் சார், வாயில இருக்கிற கொக்கியைக் கழட்டாம விட்டா அது எங்கே போகும்?"