இருமச் சொன்ன இடைஞ்சல் சார்

பிள்ளை படிக்க வேண்டும் என்று டி.வி. கேபிளைப் பிடுங்கிப் போட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். குக்கர் விசில் அடித்தால் மகன் கவனம் சிதறும் என்று சோற்றை வடித்தே இறக்கிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மகள் படிக்க வேண்டும், அதனால் தயவுசெய்து எல்லோரும் சத்தம் போடுங்கள் என்று தெருவையே கெஞ்சிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் வேங்கிக்காலில் என் எதிர்வீட்டில் இருக்கிறார்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். தெருவுக்கு அவர் இடைஞ்சல் சார். கலெக்டர் ஆபீஸில் வேலை, ஒரே மகள் நிவேதா, பிளஸ் டூ.

அவர் முதன்முதலாக என் வீட்டு வாசலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"சார், ஒரு சின்ன உதவி. ஒரு மணி நேரம் வந்து இருமணும்."

"எனக்கு இருமலே இல்லையே சார்."

"அதனாலதான் உங்களைக் கேக்குறேன். நிஜமா இருமுறவங்களை நம்ப முடியாது சார். மருந்து சாப்ட்டு நிறுத்திடுவாங்க."

அப்போதே கதவைச் சாத்தியிருக்க வேண்டும். ஆனால் இந்தப் பாழாய்ப்போன ஆர்வம் இருக்கிறதே, அது என்னை எதிர்வீட்டு மொட்டை மாடிவரை இழுத்துக்கொண்டு போனது.

மாடியில் ஒரு பெஞ்சு. நிவேதா உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுத எழுத பெஞ்சு டக் டக் என்று ஆடியது. அதன் ஒரு காலை வேண்டுமென்றே குறைத்து அறுக்கச் சொல்லியிருக்கிறார். ஆசாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாராம். இவரே அறுத்திருக்கிறார். பெஞ்சைச் சுற்றித் தெருமுனை ஜவுளிக்கடை பாய், கிரீச் கிரீச் என்று சத்தம் போடும் செருப்போடு நடந்துகொண்டிருந்தார். இந்த மாதிரித் தேர்வுக்கு அவர்தான் ஹால் சூப்பர்வைசர்.

"படிப்பு யாருக்கு வேணா வரும் சார்" என்று என் காதைக் கடித்தார் இடைஞ்சல் சார். "ஊர்ல இத்தனை கோச்சிங் சென்டர் இருக்கு. ஃபிசிக்ஸ் சொல்லித் தரான், கெமிஸ்ட்ரி சொல்லித் தரான். இடைஞ்சலைத் தாங்கறதுக்கு எவன் சொல்லித் தரான்? வெளிய மூச்சு விட்டுடாதீங்க. காப்பி அடிச்சிடுவானுங்க."

இந்தத் தத்துவத்துக்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. அந்தக் காலத்தில் அவர் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு எழுதியபோது, பின்னால் இருந்தவன் இவர் பெஞ்சில் காலை வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தானாம். அதில் போனதுதான் சீட்டு. இதை அவர் கண்கலங்கச் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "கல்யாணமான புதுசுல, பாதி கேள்விக்கு விடையே தெரியலன்னு சொன்னாரு. காலாட்டி அப்புறமா வந்தவன்."

அந்த அம்மாள் புத்திசாலி. மாதிரித் தேர்வு தொடங்கினால் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியோடு காபி குடிப்பார்.

நான் இருமினேன். வாராவாரம் இருமினேன். வறட்டு இருமல், சளி இருமல், அடக்க முடியாத இருமல் என்று வகைவகையாக இருமச் சொல்வார். கொஞ்சம் சோர்ந்தால், "சார், இன்னைக்கு கம்மியா இருக்கே" என்பார். பாய்க்கும் திட்டு விழும். ஒருநாள் அவர் மனசு கேட்காமல் குனிந்து, "நல்லா எழுது பாப்பா, பயப்படாதே" என்று சொல்லிவிட்டார். பாய்ந்து வந்தார் இடைஞ்சல் சார்.

"பாய்! ஆறுதல் எல்லாம் சொல்லக் கூடாது. அங்க யாரு சொல்லுவா?"

"சரி சார், சரி சார்" என்று பாய் இன்னும் ஜாஸ்தியாகச் செருப்பைத் தேய்த்தார்.

உச்சக்கட்டம் பௌர்ணமி. ஊரே கிரிவலம் போகும் சாயங்காலத்தில் இவர் மகளைக் கிரிவலப் பாதை ஓரம் ஒரு ஜமுக்காளத்தில் உட்கார வைத்து வினாத்தாளைக் கொடுத்துவிட்டார். இவ்வளவு கூட்டமும் இவ்வளவு ஸ்பீக்கரும் வேறெந்த ஊர்க்காரனுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்று அவருக்குப் பூரிப்பு. தலைநிமிராமல் எழுதும் பெண்ணைப் பார்த்து ஜனங்கள் என்ன நினைத்தார்களோ, ஒரு அம்மாள் இரண்டு வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுப் போனார். செங்கம் ரோட்டில் அறை எடுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர் அவள் எதிரில் சப்பணம் போட்டுக் கண்ணை மூடிவிட்டார். நேரம் முடிந்து இவர் தாளைப் பிடுங்கிய பிறகும் அந்த ஆள் எழுந்திருக்கவில்லை.

என் கவலையெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். அவள் படித்த கோச்சிங் சென்டரில் வாராவாரம் மார்க் வரிசைப்படி உட்கார வைப்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே முதல் பெஞ்சில் இருந்தவள், ஒரு வாரம் நாலாவது பெஞ்சுக்குப் போனதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. வடக்கே ஒரு பெரிய கல்லூரி. நாடு முழுக்க மோதிக்கொள்ளும் அந்த இடங்களில் ஒன்று கிடைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் உடைந்து போவாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "உங்க அப்பா பண்றதுக்கு உனக்குக் கோவமே வரலையாம்மா?"

"மொதல்ல வந்துச்சு அங்கிள். ஆனா கிளாஸ்ல எல்லாரும் கையை வெச்சு நோட்டை மறைச்சுக்கிறாங்க. பேச மாட்டாங்க. இங்கதான் எனக்காக இத்தனை பேர் வர்றீங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் இருமலில் குறை வைத்ததில்லை.

தேர்வு மையம் சென்னையில் விழுந்தது. பாய் கார் எடுத்தார். நானும் போனேன், தொண்டை தேவைப்படலாம் என்று. நிவேதா உள்ளே போனதும் இடைஞ்சல் சார் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் ஆவலாகப் போனார்.

"ஃபேன் ரொம்ப சத்தம் போடுமாங்க?"

"ஃபேனா? ஃபுல்லா ஏ.சி. சார்."

"பெஞ்சு ஆடுமா?"

"கம்ப்யூட்டர் எக்ஸாம் சார். ஒவ்வொருத்தருக்கும் குஷன் சேர். நடுவுல தடுப்பு. குண்டூசி விழுந்தா கேக்கும்."

அவர் முகம் செத்துவிட்டது. அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தார். "மோசம் போயிட்டேன் சார். அமைதிக்கு ட்ரெய்னிங்கே தரலையே! என் புள்ளையைக் கெடுத்துட்டேனே!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திடீரென்று எழுந்தார். "பாய், ஹாரன் அடிங்க!" பாயும் யோசிக்காமல் அடித்துவிட்டார். செக்யூரிட்டி ஓடி வந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். தேர்வு நடப்பது மூன்றாம் மாடியில், ஜன்னல்கள் மூடியிருந்தன. தேர்வு முடிகிறவரை இடைஞ்சல் சார் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நிவேதா வெளியே வந்தாள். அவளே சொன்னாள்.

"மொதல்ல ஒண்ணுமே ஓடலப்பா. அவ்ளோ அமைதி. அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு அங்கிள் இருமுறதை நெனைச்சேன். பாய் அங்கிள் செருப்பு சத்தத்தை நெனைச்சேன். நம்ம மாடியில இருக்கிற மாதிரியே இருந்துச்சு. கடகடன்னு போட்டுட்டேன்."

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இடைஞ்சல் சார் போய், செக்யூரிட்டியிடம் மன்னிப்புக் கேட்டுச் சாவியை வாங்கி வந்தார்.

இடம் கிடைத்தது. வடக்கே அனுப்பி வைத்தோம். அவள் போன மறுவாரம், விளக்கு வைக்கும் நேரத்தில் இடைஞ்சல் சார் செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தார். கையில் போன். அந்தப் பக்கம் நிவேதா அழுதுகொண்டிருந்தாள்.

"இங்க எல்லாருமே அவங்கவங்க ஊர்ல ஃபர்ஸ்ட் வந்தவங்கப்பா. கதவை சாத்திக்கிட்டு படிக்கிறாங்க. ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பயமா இருக்குப்பா."

என்னென்னவோ பயிற்சி கொடுத்த மனிதர், போனை என் பக்கம் நீட்டினார். நான் போனை வாங்கி, ஆசை தீர ஒரு சளி இருமல் இருமினேன். அந்தப் பக்கம் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மாடியில் கூடுகிறோம். போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின்மேல் வைப்போம். சார் பெஞ்சை ஆட்டுவார், பாய் நடப்பார், நான் இருமுவேன். எங்கோ வடக்கே எங்கள் பெண் கணக்குப் போடுவாள். அவளுக்கு இப்போது சிநேகிதிகளும் இருக்கிறார்களாம். இரண்டு பேர் வந்து உட்கார்ந்து எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படிக்கிறார்களாம்.

நேற்று அவளுக்கு ஏதோ விழா, போன் வரவில்லை. மூன்று பேரும் அந்த ஆடுகிற பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். எதிரே மலை இருட்டிக்கொண்டு வந்தது.

"இருமுங்க சார்" என்றார் இடைஞ்சல் சார்.

"பாப்பாதான் லைன்ல இல்லையே சார்."

"பரவால்ல" என்றார். "எனக்காக இருமுங்க."

இருமினேன்.