சோளக்கூழும் ஸ்ட்ராங் டீயும்

மேக்கன், ஜார்ஜியா
திங்கட்கிழமை காலை

அன்புள்ள இயர்லீன் அக்காவுக்கு,

தம்பி ராஸ்கோ எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையாலும் ரத்த அழுத்த மாத்திரையாலும் சுகமாக இருக்கிறேன். டெட்ராயிட் குளிரில் நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உனக்கு நன்றி சொல்லத்தான். "வெர்னீஸ் போனதுலேருந்து வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்குற, பெத்த பொண்ணு சாப்பிடக் கூப்பிட்டா போய்த் தொலையேன்டா" என்று போனில் திட்டினாயே, அதற்கு.

யோலண்டா கூப்பிட்டது, தான் கட்டிக்கொள்ளப் போகிற ஸ்டூவர்ட்டைக் காட்ட. நம் அப்பா வழக்கம் உனக்குத் தெரியும், சம்மதம் என்றால் சாப்பாட்டு ஜெபத்தில் இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வெறும் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி ஆமென். எனக்கோ அவள் அம்மா வெர்னீஸ் இறந்தபின் நாலு பேர் முன்னால் ஜெபிக்க வாய் வரவில்லை, அழுகை முந்திக்கொள்கிறது. நேற்று ஆராதனை முடித்து கோட்டும் டையுமாக வெயிலில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்தால், பரிமாறுகிற பெண் வந்து, "ஐஸ் டீ சாதாவா, ஸ்ட்ராங்கா ஐயா?" என்றாள். நான் என்றைக்குச் சாதா டீ குடித்தேன்? ஸ்ட்ராங் என்றேன். ஜாடியில் பீச் பழத் துண்டு மிதந்தது, தொண்டைக்கு அத்தனை இதமாக இருந்தது, இன்னொன்று கேட்டேன். அதுவும் பாதியானபோது யோலண்டா காதில் சொல்கிறாள், "அப்பா, அதுல விஸ்கி இருக்குப்பா." வருடா வருடம் சபையில் குடிக்கு எதிராகப் பேசுகிற மூப்பன் நான்! பதறித் திரும்பினால் பக்கத்து மேஜையில் நம் போதகர் மனைவி அர்னெட்டா அம்மாள், கையில் ஆரஞ்சுச் சாறு, அதில் ஷாம்பெயின் நுரை. அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. மது ஊற்றுகிற இடத்தில் நம் சபையாருக்கு ஒருவரையொருவர் அடையாளம் தெரியாது என்பது உனக்குத் தெரியாததா.

அதற்குள் பொரித்த கோழியும் கீரையும் வெண்ணெய் உருகுகிற சோளக்கூழும் வந்தன. ஜெபத்துக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளை, நாம் உப்புத் தவிர வேறு போடாத கூழில் சர்க்கரையைக் கொட்டினான் அக்கா, சர்க்கரையை. பரிமாறுகிற பெண் அப்படியே நின்றுவிட்டாள். யோலண்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏன்டா தம்பி, அது கூழு. பாயசமில்ல."

"தெரியும் சார். உங்க முன்னாடி போடாதேன்னு யோலண்டா படிச்சுப் படிச்சுச் சொன்னா. ஆனா உப்புப் போட்டா எனக்கு எறங்காது. உங்ககிட்ட நடிச்சு அவளைக் கட்டிக்க மனசு வரல."

வாயில் விஸ்கி வாசனையோடு இருக்கிற நான் அவனைக் குறை சொல்வதா? எழுந்து நின்றேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கோழிக்கு நன்றி, கீரைக்கு நன்றி, யோலண்டாவுக்கும் ஸ்டூவர்ட்டுக்கும் நன்றி, இதைப் பார்க்காமல் போய்விட்ட என் வெர்னீஸைத் தந்ததற்கு நன்றி என்று குரல் உடையாமல் சொல்லி முடித்தேன். கடை முழுக்கத் தலை குனிந்திருந்தது. "ஆமென்" என்று ஓங்கிச் சொன்னது அர்னெட்டா அம்மாள். அப்புறம் வேறு வழியில்லாமல் இருவரும் வணக்கம் சொல்லிக்கொண்டோம். அக்கா, நான் சந்தோஷமாக இருக்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பு. கல்யாணத்துக்கு நீங்கள் வரும்வரை கர்த்தர் உங்கள் முட்டிகளைக் காப்பாராக.

உன் தம்பி,
ராஸ்கோ

பி.கு.: டீ கொண்டுவந்த அந்தப் பெண்மேல் தப்பில்லை. ஸ்ட்ராங் என்றால் விஸ்கி ஊற்றியது என்று முதலிலேயே விளக்கிச் சொன்னாள், எனக்கும் நன்றாகவே காதில் விழுந்தது. வெர்னீஸ் பெயரை அழாமல் சொல்ல வேறு வழி தெரியவில்லை. இன்று காலை என் கூழிலும் கொஞ்சம் சர்க்கரை போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. விஸ்கி விஷயத்தை யாரிடம் வேண்டுமானாலும் சொல், சர்க்கரை விஷயம் மட்டும் நம்மோடு இருக்கட்டும்.