ஒரு வலிப்பு குறைகிறது

எலியைக் குணப்படுத்தியவர் என்று ஓர் இனம் உண்டு. மாத்திரைக்கு மசியாத வலிப்பு, மறதி நோய், கைநடுக்கம் என்று மூளை சம்பந்தமாக எதைச் சொன்னாலும், "அதை நாங்க எலியில எப்பவோ சரிபண்ணிட்டோமே!" என்று புன்னகைப்பவர். மனிதர்களுக்கு எப்போது? இன்னும் ஐந்தே ஆண்டுகளில். அவர் மாணவராக இருந்தபோதும் ஐந்து ஆண்டுதான், தலை நரைத்த பிறகும் ஐந்து ஆண்டுதான். சொன்ன சொல் மாறாதவர்.

அவருடைய எலிகளுக்குக் குளிரூட்டிய அறை, பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், பன்னிரண்டு மணி நேர இருட்டு, சத்தம் போட்டு நடக்கக்கூடாது என்று கதவில் அறிவிப்பு. நோயாளிகளுக்கு நடைவழியில் ஒரு பெஞ்சு. அதிலும் ஒரு கால் ஆடும். நாற்பத்தேழாம் நம்பர் எலி நேற்று எப்போது கண்ணயர்ந்தது என்று கேளுங்கள், நிமிஷம் தவறாமல் சொல்வார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெயரைக் கேட்டுவிடாதீர்கள். பாவம், ஃபைலைத் தேடுவார்.

ஒருவழியாக அவருடைய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் நாளும் வந்தது. தையல்கடை அக்கா ஒருவர் தன் தங்கையை அழைத்து வந்தார். தங்கைக்கு மூன்று மருந்துகள் தோற்றுப்போயிருந்தன, பள்ளிக்கூட வேலை போயிருந்தது. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை: குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு குளிக்க வேண்டும். சோதனையில் சேர நிபந்தனையும் ஒன்றுதான். இருபத்தெட்டு நாளில் நாலு வலிப்பாவது வந்திருக்க வேண்டும்.

இருபத்தெட்டாம் நாள் அக்கா, வலிப்பு வந்த நாட்களைக் குறித்துவைத்த நோட்டை நீட்டினார்.

"மூணுதான் சார்!" பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல ஒரு முகம்.

இவர் முகம் வாடியது. "அடடா, ஒண்ணு குறையுதேம்மா."

"குறைஞ்சா நல்லதுதானே சார்?"

"உங்களுக்கு நல்லது. ஆராய்ச்சிக்கு?"

"அதுக்கு நான் என்ன சார் பண்றது? கடையிலயா வாங்கிட்டு வர முடியும்?"

"விடுக்கா," என்றாள் தங்கை. "எனக்கு எல்லாமே ஒரு மார்க்லதான் போகும்."

"அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது பாக்கலாம்மா."

"அது எப்போ சார்?"

எப்போது என்று உங்களுக்கே தெரியும்.

வெளியே வந்து ஆடும் பெஞ்சில் உட்கார்ந்ததும் தங்கையின் கண்கள் செருகின. சரிந்தவளை அக்கா தாங்கித் தரையில் ஒருக்களித்துக் கிடத்தினார். சத்தம் கேட்டு ஓடி வந்தவர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"நாலு! அம்மா, நாலாயிடுச்சு! சேந்தாச்சு!"

"கோட்டைக் கழட்டுங்க சார்."

"என்னது?"

"தலைக்கு அடியில வைக்கணும். கழட்டுங்க!"

கழற்றிக் கொடுத்தார். முப்பது வருஷ ஆராய்ச்சியில் ஒரு நோயாளிக்கு அவர் கைப்படச் செய்த முதல் வைத்தியம் அதுதான்.

மறுநாள் தங்கை தெளிவாக வந்து கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தாள். குளியலறைத் தாழ்ப்பாளுக்கு அக்கா எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார்.

நல்ல ஆளப்பா என்று அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெண் பெஞ்சிலிருந்து சரிந்த நொடியில், 'அப்பாடா, நாலாச்சு' என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? பொய் சொல்லாதீர்கள். அந்தக் கோட்டு உங்களுக்கும் கச்சிதமாகத்தான் இருக்கும். தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தால் அக்காவிடம் கொடுங்கள், பிடித்துத் தைத்துத் தருவார்.