ஆடிக்கு வந்த மாப்பிள்ளையும் மூழ்காத கப்பலும்

சாயல்குடி வழி,
26-7-2007

தொண்டியில் இருக்கும் மச்சான் தங்கசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை நாகலெட்சுமியைக் கட்டிய மலையாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஆடு மாடு முதற்கொண்டு எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கமான பையன், தலை நிமிர்ந்து பேச மாட்டான் என்று சொல்லி இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தது நீங்கள். சொன்னது உண்மைதான், அவர் தலை நிமிரவே இல்லை. புதுமாப்பிள்ளையை ஆடி ஒன்றாம் தேதி அழைத்துக் கறிச்சோறு போட்டு, வேட்டி துண்டு கொடுத்து, பெண்ணை மட்டும் மாசம் முடிய நிறுத்திக்கொண்டு, அவரை மறுநாள் பஸ் ஏற்றிவிடுவதுதானே நம்ம வழக்கம்? மருதுபாண்டி மாப்பிள்ளை கிடாக்கறி சாப்பிட்டார், வேட்டியைக் கட்டினார், மடியில் லேப்டாப்பைத் திறந்தார். இன்றைக்குப் பத்தாம் நாள், இன்னும் மூடவில்லை. அதற்குள்ளே ஏதோ விளையாட்டாம், அதில் ஒரு கடல். கடலில் இவருடைய பாய்மரக் கப்பல் ஒன்று, எதிரே கறுப்புப் பாய் கட்டிய கப்பல் ஒன்று. அதைப் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தால்தான் மெட்ராஸுக்குக் கிளம்புவாராம், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டாராம். ஆடியில் மாப்பிள்ளை தங்கினால் சித்திரையில் பிள்ளை பிறக்கும் என்று ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தக் கவலையே வேண்டாம் மச்சான், அவர் கண் அந்தக் கப்பலை விட்டு இறங்கினால்தானே.

என் மகள் சண்முகவள்ளி வடைத்தட்டை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு குண்டும் தண்ணியில விழுறப்ப, "போச்சு"ங்கிறா. அவர் "ம்"ங்கிறார். புருஷன் பொண்டாட்டி பேச்சு அம்புட்டுத்தான். பெத்தவனுக்கு வயிறு எரியுது. இதுக்கா அவளைச் செல்லமா வளர்த்தேன்?

அதைவிடக் கேவலம் அவர் சுடுகிற லட்சணம். ஓடுகிற கப்பலை அது இருக்கிற இடத்தைப் பார்த்தே சுடுகிறார். குண்டு போய்ச் சேர்வதற்குள் கப்பல் கடந்துவிடுகிறது, குண்டெல்லாம் அதன் வால்பக்கம் விழுகிறது. போதாக்குறைக்கு, தன் கப்பலை அலை தூக்கிப் போடுகிற நேரம் பார்த்துத்தான் இவருக்குக் கை துறுதுறுக்கிறது. கம்பங்கொல்லையில் கவண் சுற்றிக் கிளி விரட்டியவன் நான், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு மாமனார் புத்தி சொன்னால் மரியாதைக் குறைவு என்று நீங்களே பஞ்சாயத்துக்கு வருவீர்கள். அதனால் இன்று காலை மண்வெட்டி இரவல் கேட்டு வந்த கூத்தையாவை வாசலில் நிறுத்தி, உள்ளே கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"ஏலே கூத்தையா, பறக்குற கிளிய அது இருக்குற எடத்துல அடிக்காத. அது வாற எடத்துக்கு முன்னாலயே கல்லு போயி நிக்கணும். மொதல்ல ஒத்தக் கல்ல விடு, எங்கன விழுதுன்னு பாரு, பெறகு மிச்சத்த விடு. நீ நிக்கிற காவப் பரணு ஆடுச்சுன்னா, ஆட்டம் அடங்குற நேரம் பாத்து அடி."

அவன் மலங்க மலங்க முழித்துவிட்டு, நாம இந்த வருஷம் கம்பே போடலையே அய்யா என்றான். உள்ளே மாப்பிள்ளை தலையை லேசாக இந்தப் பக்கம் திருப்பினார். பத்து நாளில் அதுதான் முதல் தடவை.

ஆகையால் மச்சான், கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, நீங்கள் கொண்டுவந்த மாப்பிள்ளையை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். ஆடி கழிந்தாலும் மகளை அனுப்புவதாக இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அக்காவுக்கு என் விசாரிப்பு, உங்களுக்கு என் வருத்தம்.

இப்படிக்கு,
மலையாண்டி

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் கறுப்புப் பாய்க் கப்பல் மூழ்கிவிட்டது. ஒத்தக் குண்டை விட்டுப் பார்த்து, முன்னால் தள்ளி நாலு குண்டு, அப்படியே நான் சொன்ன மாதிரி. நான் மீசையைத் தடவி முடிப்பதற்குள் மாப்பிள்ளை லேப்டாப்பை மூடி, வாரேன் மாமா என்று சொல்லி, பதினொரு மணி பஸ்ஸில் போய்விட்டார். மகள் இன்னும் சாப்பிடவில்லை. சனியன் தொலைந்ததென்று சந்தோஷப்படாமல் ஏம்மா அழுகிறாய் என்று கேட்டேன்.

"மெட்ராஸ்ல ரெண்டு மாசத்துல ஒரு நாள்கூட அவுக இப்படி எம்பக்கத்துல ஒக்காந்ததில்லய்யா. நீங்க ஏன்யா சொல்லிக் குடுத்தீக?" என்றாள்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். நேரே மெட்ராஸ் போய் அவரைக் கூட்டி வாருங்கள், ஆடியாவது ஒன்றாவது. வரும்போது, எத்தனை குண்டு போட்டாலும் மூழ்காத கப்பலாகப் பார்த்து ஒன்று கையோடு வாங்கி வாருங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.