மாப்பிள்ளைக்கு ஊசி

கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக் குப்புறப் படுத்தபடி, லிஃப்ட் மெக்கானிக் அடித்தொண்டையில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, வெளிய வந்துருங்க. மானத்தை வாங்காதீங்க."

உள்ளேயிருந்து உறுமல் வந்தது. அந்தரத்தில் நின்ற லிஃப்டிலிருந்து ஆட்களை அலுங்காமல் இறக்கிவிடுகிற மனிதரால் ஒரு கிழட்டு நாயை அசைக்க முடியவில்லை.

"நான் வெளியதானே நிக்கறேன் மாமா" என்றது பின்னால் ஒரு குரல்.

மெக்கானிக்கின் மண்டை கட்டில் சட்டத்தில் 'ணங்'கென்று இடித்தது. அறை வாசலில் அசல் மாப்பிள்ளை.

"உங்களைத்தான் சொன்னேன் மாப்பிள்ளை. போய் வண்டில உட்காருங்க. ராஜாவைக் கூட்டிட்டு வந்துடறேன்."

அசல் மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அந்தக் குடும்பத்தைப் பிடித்த வியாதி.

ராஜா என்பது நாய்க்கு வெளியாட்களுக்காக வைத்த பெயர். வேளாவேளைக்குத் தட்டு வர வேண்டும், சோபாவை விட்டு இறங்காது, சாப்பாடு தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் மகளுக்குக் கல்யாணமாகும் முன்பே மெக்கானிக் வைத்த பெயர் மாப்பிள்ளை. அதையும் 'வாங்க, போங்க' என்று சொன்னால்தான் காது அசையும். அசல் வந்த பிறகு, அவர் காதுபட அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவானது.

ஒரே ஒரு தடவை பிசகியது. பிறந்த வீடு வந்தால் மகளுக்கு நாயின் பக்கத்தில் படுத்தால்தான் தூக்கம் வரும். அதைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கின் மனைவி சமையலறையில் அலுத்துக்கொண்டாள்: "மாப்பிள்ளைக்கு வாய் என்னமா நாறுது. இவ எப்படித்தான் பக்கத்துல படுத்துத் தூங்கறாளோ."

தண்ணீர் குடிக்க வந்த அசல், கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

அவர் பேச்சு குறைந்தது. வருவது நின்றது. பிறகு ஒரு நாள் மகள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"சுவத்தைப் பாத்தே படுக்கறாருப்பா. நாயைத்தான் சொன்னாங்கன்னு நான் சொல்லிடறேனே."

"வேண்டாம்மா. நாய்க்கு அந்தப் பேருன்னு தெரிஞ்சா இன்னும் கேவலம்."

அதிலிருந்து மகள் தட்டில் கோலம் போடுவாளே தவிரச் சாப்பிடவில்லை. வீட்டில் டிவிகூடத் தணிந்த குரலில் பேசியது.

போன வாரம் அசலிடமிருந்து போன். ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறாராம், வீட்டுக்கு வரச் சொன்னாராம். இந்த நாயும் கூட வந்தால்தான் வருவேன் என்றாள் மகள். ஒரே வீட்டில் விடுவதானால் முதலில் பெரிய நாய்க்கு விட்டுப்போன ஊசியெல்லாம் போட வேண்டும், குட்டியையும் கொண்டுவாருங்கள் என்றார் நாய் டாக்டர். ஆகக்கூடி, ஒரு குடித்தனம் ஊசி முனையில் நின்றது.

பிஸ்கட் காட்டினார் மெக்கானிக். நாய் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு இன்னும் உள்ளே போனது. கடைசியில் மகள்தான் போர்வையில் சுருட்டித் தூக்கிவந்தாள்.

காரின் முன்சீட்டில் துண்டு போட்டு மூடிய கூடை, உள்ளே குட்டி. மகள் புருஷன் பக்கத்தில் உட்காராமல் அப்பாவோடும் நாயோடும் பின்னால் உட்கார்ந்தாள். நாய் ஒரு கொட்டாவி விட்டது. வண்டி முழுக்க நாறியது. அசல் மெல்லக் கண்ணாடியை இறக்கினார்.

வாய் நாற்றம் என்ற பேச்சே எழுந்துவிடக் கூடாதென்று மெக்கானிக் முந்திக்கொண்டார். "காலையிலேருந்து எனக்கு வயிறு சரியில்ல மாப்பிள்ளை."

அசல் மற்ற மூன்று கண்ணாடிகளையும் இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் மெக்கானிக் கம்பவுண்டரின் காதைக் கடித்தார். "இன்னிக்கு மட்டும் ராஜான்னு கூப்பிடுங்க. புண்ணியமாப் போகும்."

"ராஜா" என்று கூப்பிட்டார் கம்பவுண்டர். மூன்று நாய்கள் எழுந்தன. இவருடையது படுத்தே கிடந்தது.

டாக்டரே எட்டிப் பார்த்தார். "அட, நம்ம மாப்பிள்ளை. உள்ள வாங்க. வாய் நாத்தம் குறைஞ்சுதா?"

பாதி எழுந்த அசல் அப்படியே நின்றார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனது.

ஊசி போட்டுத் திரும்பியபோது, நாயைவிட மெக்கானிக்தான் நொண்டினார். பெஞ்சில் மகள் ஒரு கோடி, அசல் மறு கோடி, நடுவில் கூடை. நாயை இழுத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து மாமா?" என்றார் அசல்.

"எது?"

"அந்தப் பேரு."

"கல்யாணத்துக்கு முன்னாடியே. உங்க மூஞ்சியையே பாக்காதப்போ."

"ஓ."

அந்த 'ஓ' லிஃப்ட் குழியைவிட ஆழமாக இருந்தது. முடிந்தது என்று நினைத்தார் மெக்கானிக். பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஒரு நாயின் பெயரில் தொலைத்த தகப்பன் வேறு யாராவது இருப்பானா?

"அடுத்து மாமனார்" என்று கதவருகே வந்து கூப்பிட்டார் கம்பவுண்டர்.

டாக்டர் சமாதானம் பேசக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது. மெக்கானிக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். எதிரே மகள் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று அவர் இன்னும் வேகமாகக் கதவை நோக்கி நடந்தார்.

கம்பவுண்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க உட்காருங்க சார். நான் கூப்பிட்டது கூடையில இருக்கிற குட்டியை."