எண்பது லிட்டர் பையும் என் முதுகும்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நான் கைகால் அசைவோடு இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அதைவிட நன்றாகவே இருப்பீர்கள்.

நீ வாங்கி அனுப்பிய பை வந்து சேர்ந்தது. உன் மாமா வருஷா வருஷம் நடக்கப் போன மலைக்கு, அவர் கண்ணை மூடிய இந்த வருஷம் அவருடைய கூட்டாளிகள் என்னைக் கூப்பிட்டார்கள். நாலு நாள் நடை. நீ போனில் அரை மணி நேரம் குதித்துவிட்டு, "சரி, போறதுன்னா நான் அனுப்புற பையோட போ. இறங்கினதும் நேரா இங்க வந்துடு, இனிமே எங்ககூடவே இருந்துடுக்கா" என்றாய். பையை லிட்டரில் அளப்பார்கள் என்பதே உன்னால்தான் தெரிந்தது. எண்பது லிட்டர். நிறுத்தி வைத்தால் என் நெஞ்சு வரை வருகிறது. மாடியை எனக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் இருட்டுப் படியில் அதைப் பார்த்து, விருந்தாளி என்று நினைத்து வணக்கம் சொன்னார்.

"பெருசா இருந்தா எல்லாம் அடங்கும்" என்றாயே, அடக்கினேன். இடம் காலியாக இருப்பதைப் பார்க்க மனசு கேட்காமல் இரண்டு போர்வை, தலையணை, குக்கர் என்று போட்டுக்கொண்டே போனேன். மாட்டிக்கொண்டு எழுந்தேன், அப்படியே பின்னால் சாய்ந்து கட்டிலில் மல்லாந்த ஆமையாகக் கிடந்தேன். வீட்டுக்காரர் வந்து பையைப் பிடித்துத்தான் தூக்கிவிட்டார். இடுப்பில் நிற்க வேண்டிய பட்டை தொடையில் இடிக்கிறது, தோளோ அறுந்துவிடும் போல் இருக்கிறது. சரி என்று, நீ வாங்கிய அதே கடையின் கிளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைப் பெண் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாரும்மா அளவு எடுத்தது?"

"தம்பி அனுப்பினான்."

"அவர் மலையெல்லாம் ஏறுவாரா?"

"முதல் மாடிக்கே லிஃப்ட்லதான் போவான்."

தலையைக் குனியச் சொல்லி, பிடரியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை நாடா வைத்தாள். பதினைந்தரை அங்குலம். உன் பைக்கு இருபது அங்குல முதுகு வேண்டுமாம். "உயரத்தப் பாக்கக் கூடாதும்மா, உங்க உயரமெல்லாம் கால்ல இருக்கு" என்றாள். கூடாரத்தைக் கூட்டாளிகள் சுமப்பதால் நாலு நாளுக்கு ஐம்பது லிட்டரே தாராளம் என்று வேறு பையை மாற்றிக் கொடுத்தாள். உள்ளே மணல் மூட்டை போட்டு, முதலில் இடுப்புப் பட்டை, பிறகு தோள் வார், கடைசியில் நெஞ்சுக் கொக்கி என்று மாட்டிவிட்டு, "பாரம் இடுப்புல உக்காரணும். தோள் சும்மா புடிச்சுக்கிட்டா போதும்" என்று கடைப் படியில் இருபது நிமிஷம் ஏறி இறங்கவிட்டாள்.

அவள் எனக்கு முன்னால் மண்டியிட்டு இடுப்புப் பட்டையை இழுத்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "இறுக்கமா இருக்காம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உன் மாமா போன இந்த எட்டு மாசத்தில் என்னை ஒரு ஆள் தொட்டுப் பிடித்தது அப்போதுதான்.

உன் மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் உனக்கு முதுகுவலி, வர முடியவில்லை. இப்போது என் முதுகின் மேல் இத்தனை அக்கறை. உன் வீட்டுக்காரி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை என்பதை நீ சொல்லவில்லை, உன் மகள் சொன்னாள். குழந்தை, மறைக்கத் தெரியவில்லை.

இருந்தாலும் கூடப்பிறந்தவன் நீ. மலை இறங்கியதும் அங்கேயே வந்துவிடுகிறேன். வீட்டைக் காலி செய்வதை வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம், உன் வீட்டுக்காரிக்கு என் ஆசீர்வாதம், உன் முதுகுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், பழக்கத்துக்காகப் பையை மாட்டிக்கொண்டே வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். "எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றார். "மலைக்குங்க. நாலு நாள்ல வந்துடுவேன், பால்காரர்கிட்ட சொல்லிடுங்க" என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம் அங்கேயே நின்று யோசித்தேன். மாற்றிச் சொல்ல மனசு வரவில்லை. ஆகையால் நான் அங்கே வரவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு ஆள் பார்த்துக்கொள். சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.