மண்வெட்டியோடு போன உல்லாசப் பயணம்

ஓய்வெடுப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சும்மா இருந்தே பழகாத ஆட்களைக் கொண்டுபோய் ஒரு தீவில் இறக்கி, "இனி நிம்மதியா இருங்கோ" என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும்.

நான் கிளிநொச்சியில் வாகனம் ஓட்டப் பழக்குபவள். (ஓம், பொம்பிளை வாத்தியார்தான். முதல் நாள் வாறவை எல்லாரும் இப்பிடித்தான் முழிக்கிறவை.) என் கணவர் நேசன் தண்ணிப் பம்புகள் திருத்துபவர். பம்போடு பேசுகிற அளவுக்குக்கூட மனிதரோடு பேசமாட்டார். அவருக்கு இரத்தப் பிறசர் கூடி, ஒருநாள் வேலைத்தலத்திலேயே தலைசுற்றி விழுந்துவிட்டார். பார்த்த டொக்டர், "மருந்து மட்டும் காணாது. மனசுக்கும் ஓய்வு வேணும். எங்கையாவது அமைதியான இடத்துக்கு ரெண்டு நாள் போட்டு வாங்கோ" என்றார். நேசன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன். கேட்டது மட்டுமல்ல, பிடித்தும் கொண்டேன்.

வேறு மனைவிமார் என்றால் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போய் ஒரு குல்லாவும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். என் கெட்ட காலம், அந்தக் கிழமை என் போனில் ஒரு வீடியோ வந்தது. ஆளரவமற்ற ஒரு தீவு. இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிய வலைத் தொட்டிலில் ஒரு வெள்ளைக்காரி படுத்துக்கிடந்து இளநீர் குடிக்கிறாள். அவளுக்குப் பிறசர் இருக்கவே முடியாது என்று அவளுடைய பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

என்னிடம் ஓட்டப் பழகிய ஒரு பிள்ளையின் தகப்பன் கில்பேட் அண்ணை. பூநகரிப் பக்கம் படகு வைத்திருப்பவர். அவரிடம் விசாரித்தேன்.

"இருக்குது தங்கச்சி, ஒரு சின்னத் தீவு. மீன் காயப்போட இடைக்கிடை போறனாங்கள். மற்றப்படி ஒரு சனமும் இல்லை. அங்க போய் என்ன செய்யப்போறியள்?"

"ஒண்டும் செய்யிறதில்லை அண்ணை. அதுக்குத்தான் போறம்."

தங்குவதற்குத் தறப்பாள் அடித்த கொட்டில் ஒன்று இருக்கிறது என்றார். எனக்குப் புல்லரித்தது. கடற்கரை, வெண்மணல், கூடாரம்! (விசரி. இந்த மூன்று சொல்லையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.)

விளங்காததற்குக் காரணம் இருக்கிறது. நான் வவுனியா டவுனில் வளர்ந்தவள். யுத்தத்தின் கடைசி மாதங்களில் நேசனும் அவருடைய அப்பா, அம்மாவும் முல்லைத்தீவுக் கடற்கரையில் தறப்பாளுக்குள் கிடந்தபோது நான் வவுனியாவில் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாமி அங்கே செத்துப்போனா என்று தெரியும். கலியாணம் பேசி வந்தபோது அந்த ஒற்றை வசனத்தில்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் இரண்டாவது வசனம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

திட்டத்தை நேசனிடம் சொன்னேன்.

"கடலோ?" என்றார்.

"ஓம், கடல்."

"ம்."

அந்த 'ம்'மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பழகவருகிறவர் பிறேக்கை மிதிக்கப் போகிறாரா, அக்சிலேற்றரை மிதிக்கப் போகிறாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடிய நான், சொந்தப் புருசனின் முகத்தில் கோட்டைவிட்டேன்.

மாமாவைத் தனியே விட முடியாது. அவரும் வருவதாக ஏற்பாடு. மகளை முதல்நாளே வவுனியாவில் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டேன். மாமாவுக்கு ஒரு ஓலைத் தொப்பி, நேசனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, எனக்கு வலைத் தொட்டில். இதுதான் என் ஆயத்தம்.

மாமாவின் ஆயத்தத்தை விடியக்காலை முற்றத்தில் பார்த்தேன். உரப்பையில் அரிசி. அலுமினியப் பானை. கேத்தில். உப்பு. கோடாலி. மடித்துக் கட்டிய தறப்பாள். பொலித்தீன் பைக்குள் காணி உறுதிப் பத்திரமும் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்களும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மண்வெட்டி.

"மாமா, ரெண்டு நாளைக்குத்தானே போறம்!"

"எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை சொல்லிப்போட்டு வெளிக்கிடுறது" என்றார் மாமா, மிகவும் அன்பாக.

நேசன் அவ்வளவையும் வாடகை வாகனத்தில் ஏற்றினார். எந்தச் சாமான் அடியில், எது மேலே என்று இருவருக்கும் கேட்காமலே தெரிந்திருந்தது. ஒரு நிமிடம்கூட வீணாகாமல், ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடாமல் ஏற்றி முடித்தார்கள். குடும்பத்தில் இவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. பயணத்துக்குத்தான் உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் முன்வீட்டு மலர் அக்கா விளக்குமாறோடு படலை வாசலுக்கு வந்தா. வாகனத்தைப் பார்த்தா. மண்வெட்டியைப் பார்த்தா. விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

"வசந்தி, எங்க?"

"ஒரு தீவுக்கு அக்கா. கொஞ்சம் அமைதியா இருக்கலாம் எண்டு."

"ஏன், இஞ்ச அமைதி இல்லாமப் போகப்போகுதோ? ஆர் சொன்னது?"

"டொக்டர் சொன்னவர்."

"டொக்டரோ! மகள் எங்க?"

"அவளை நேற்றே வவுனியாவுக்கு அனுப்பிப்போட்டன்."

மலர் அக்கா உள்ளே ஓடினா. வழியில் சாப்பிட ஏதாவது கட்டித்தர ஓடுகிறா என்று நினைத்து நான் நெகிழ்ந்துபோனேன். காத்திருக்க நேரமில்லாததால், "வேண்டாம் அக்கா, சாப்பாடு இருக்கு!" என்று கத்திவிட்டு வாகனத்தில் ஏறினேன். ஓய்வு கெடக்கூடாதென்று போனின் சத்தத்தையும் நிறுத்தினேன்.

தீவு வீடியோவில் வந்தது போலவே இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. மணல் வெள்ளையாக, தண்ணீர் கண்ணாடியாக, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லாமல் இருந்தது. கில்பேட் அண்ணை படகைக் கரையில் இழுத்துவிட்டு மீன்குழம்பு வைக்கப் போனார். நான் இரண்டு மரங்களுக்கு நடுவில் வலையைக் கட்டினேன்.

நேசன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தார். "இதுக்குள்ள நான் படுக்கமாட்டன்" என்றார். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் இருந்தார். கறுப்புக் கண்ணாடியை மட்டும், நான் வாங்கிக் கொடுத்தேன் என்பதற்காகப் போட்டிருந்தார். ஒரு முள்ளுப் பற்றையைப் பார்த்தபடி கண்ணாடியோடு இருந்த அந்த மனிதரைப் பார்க்க, யாரோ வழிதவறிக் கொண்டுவந்து விட்ட நடிகர் போலிருந்தது.

மாமா தொப்பியைப் போட்டார். சுற்றிப் பார்த்தார். மரங்களிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தைத் தெரிந்தெடுத்து வெட்டத் தொடங்கினார்.

"ஐயா, வேண்டாம்" என்றார் நேசன்.

"ஆழமா இல்லையடா. சும்மா."

நான் வலையில் ஏறிப் படுத்தேன். (என் எடைக்கு வலை மணலைத் தொட்டது. அந்த வெள்ளைக்காரி என்ன சாப்பிடுகிறாளோ தெரியாது.) ஒருபக்கம் மண்வெட்டிச் சத்தம், மறுபக்கம் பற்றையைப் பார்க்கும் புருசன். நான் கண்ணை மூடி, அலையை மட்டும் கேட்பது என்று பிடிவாதமாக ஓய்வெடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் வெடித்தது.

எங்கேயோ கடலுக்குள் ஒரு அடி. அவ்வளவு பெரிய சத்தமென்றுகூடச் சொல்லமாட்டேன். நான் கண்ணைத் திறப்பதற்குள் யாரோ என்னை வலையோடு சேர்த்துக் கவிழ்த்து இழுத்தார்கள். மீனை இழுப்பது போலத்தான். மணல் வாய்க்குள் போனது. நான் குழிக்குள் குப்புறக் கிடந்தேன். எனக்கு மேலே நேசன். அவருக்கு மேலே மாமா. என் முதுகில் நேசனின் நெஞ்சு அடித்த அடியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி எங்கோ நொறுங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கில்பேட் அண்ணையின் குரல் கேட்டது.

"தங்கச்சி, எழும்புங்கோ. அது மீனுக்குப் போடுற வெடி. ஆரோ களவா போடுறாங்கள். தூரத்தில."

அவர் அகப்பையோடு நின்றார். அவருடைய நெற்றியிலும் மூக்கிலும் மணல் ஒட்டியிருந்தது. நாங்கள் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மாமா எழும்பிக் குழியின் விளிம்பில் இருந்தார். தொப்பி இன்னும் தலையில்தான் இருந்தது. குழியை ஒருமுறை பார்த்தார்.

"ஆழம் காணாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. அடக்கமுடியவில்லை. மாமாவும் கொஞ்சம் சிரித்தார். சிரித்தபடியே, என்னிடம்தான் சொன்னார்:

"அண்டைக்குப் பங்கர் வெட்டேக்கையும் இப்பிடித்தான் பிள்ளை. கடற்கரை மண்ணெல்லே? வெட்ட வெட்டத் தண்ணி ஊறினது. இவ்வளவு காணும் எண்டு விட்டிட்டன். அவா என்னைவிட உயரம்."

"ஐயா, விடுங்கோ" என்றார் நேசன்.

"குனிஞ்சுதான் இருந்தவா. எண்டாலும் உயரம்."

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட மாமியின் படத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் பூ வைக்கிறவள் நான். சட்டத்துக்குள் இருக்கிற படத்தில் உயரம் தெரியாது.

நேசன் எழும்பித் தகப்பனிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். அந்தக் குழியை மூடினார். மூடி, காலால் மிதித்துச் சமப்படுத்தி, அதன்மேல் இருந்து அழுதார். நான் காலில் சிக்கிய வலையைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கில்பேட் அண்ணைதான் எங்களைக் காப்பாற்றினார். "குழம்பு ஆறுது" என்றார். நாலு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டோம். குழம்பு நல்ல உறைப்பு. எல்லாரும் மூக்கைச் சிந்துவதற்கு வசதியாக இருந்தது.

வெயில் சாயமுன் ஊர் திரும்பினோம்.

ஒழுங்கை வாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு குறுக்கே நின்றது. அதில் மலர் அக்காவின் மெத்தை, ரீவி, கோழிக்கூடு. கோழிகளும் உள்ளேதான். மூன்று நான்கு வீட்டுச் சனம் மூட்டைகளோடு கோயில் மண்டபத்தில் இருந்தது. ஒரு வீட்டார் புளியங்குளத்துச் சொந்தக்காரரிடமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முற்றாத வாழைக்குலைகளை வெட்டிவிட்டார்கள். மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டார்கள்.

காரணத்தை அப்போதுதான் அறிந்தேன். அந்தக் காலத்து ஒவ்வொரு இடப்பெயர்விலும் முதலில் வெளிக்கிட்டவர் எங்கள் மாமாதானாம். அவர் வெளிக்கிட்டால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பதில்லையாம். ஒருமுறைகூட அவருடைய கணக்குப் பிழைத்ததில்லையாம்.

"ஒரு போன் எடுத்துச் சொல்லக்கூடாதே? எத்தனை தரம் அடிச்சனான்!" மலர் அக்கா என் தோளைப் பிடித்து உலுப்பினா. "ஓய்வெடுக்கப் போனவையாம்! மண்வெட்டியோட ஆரடி ஓய்வெடுக்கப் போறது?"

திட்டிக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. பிறகு மறுபடி திட்டினா.

அடுத்தநாள் முழுக்க ஒழுங்கையே மாடு தேடியது. நேசனும் போனார். இரணைமடு வாய்க்கால் கரையெல்லாம் அலைந்து, மலர் அக்காவின் சிவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு பின்னேரம் வந்தபோது அவர் பக்கத்துவீட்டு ஆம்பிளைகளோடு கதைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்து இடப்பெயர்வுகளில் எங்கே மாடுகளை அவிழ்த்துவிட்டது, எந்த மாடு பின்னாலேயே நடந்து வந்தது என்ற கதை. படலைக்கு வெளியே நின்றும் கதை முடியவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து வருசத்தில் அவர் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

பிறசர்? கூடித்தான் இருந்தது. டொக்டர், "எங்க போனனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு, "இனி வீட்டிலேயே இருங்கோ" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் ஒரு சட்டம். பையோடு வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் ஒவ்வொரு படலையிலும் காரணத்தைக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். "வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போறம், வேற ஒண்டுமில்லை!" "கலியாண வீடு, வேற ஒண்டுமில்லை!" புதிதாகக் குடிவந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

போன வருசம் ஒரு காலையில் மாமாவுக்கு மூச்செடுக்க முடியாமல் போய் அம்புலன்ஸ் வந்தது. சத்தத்துக்கு எல்லாரும் படலைக்கு வந்துவிட்டார்கள். அவரைத் தூக்கி ஏற்றும்போது மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். முகத்தில் மாட்டியிருந்ததை விலக்கிவிட்டு, தலையைத் தூக்கி ஒழுங்கையைப் பார்த்துச் சொன்னார்:

"நான் மட்டும்தான் போறன். நீங்கள் ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்புலன்ஸ் பொடியன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சாப்பாட்டுப் பந்தியில் மலர் அக்கா அதை மாமாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினா. பந்தி முழுக்கச் சிரித்தது. கறிவாளியோடு நின்ற நேசனும் சிரித்தார். சிரித்து முடிக்க ஏலாமல், வாளியை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குப் பின்பக்கம் போனார்.